சோதித்துத் தேறிய துப்பாக்கி

ஒரு கருவியை அதன் அலங்காரத்தைக் கொண்டு நம்பலாகாது என்பதை முகலாயர் நன்கு அறிந்திருந்தனர். அக்பரின் துப்பாக்கிச்சாலையைப் பற்றி அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் எழுதியுள்ள பகுதி இதற்குச் சான்றாகும்.

அக்காலத் திரித்துப்பாக்கியில் குறி பார்க்கக் கண்ணாடி கிடையாது. குழலின் பின்புறப் பிளவையும் முனையிலுள்ள சிறு குமிழையும் வெறுங்கண்ணால் ஒரே நேரில் கொணர்ந்தே சுட வேண்டும். குழல் சற்றுக் கோணினும் குறி தவறும். ஆகவே புதுக்குழலில் மூன்றிலொரு பங்குக்கு மருந்திட்டு முதலில் வெடித்துப் பார்த்தனர். கசிவில்லையெனில், கட்டையில் பொருத்தி மீண்டும் சுட்டனர். குண்டு கோணிச் சென்றால், குழலைக் காய்ச்சி உள்ளே கோல் செலுத்தி நிமிர்த்தினர். இரும்பு கிடைத்த இடம், செய்தவர் பெயர், செய்த ஊர், தேதி, எண் ஆகியவற்றைக் குழலில் பொறித்தனர். பின்னர் ஐந்து குண்டுகளுடன் அது அரசரிடம் செல்லும். அவரே சுட்டுப் பார்த்து, ஐந்தாம் குண்டுடன் திருப்பியனுப்புவார்.

ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த சமுதாயத்தினராகிய நமக்கு இம்முறை புதிதன்று. யார் சொன்னார், யாரிடம் பெற்றார் என்று கேட்டன்றோ நம் முன்னோர் ஒரு செய்தியை ஏற்றனர்? உஸ்தாத் கபீர், ஹுசைன் என்னும் துப்பாக்கிக் கொல்லர்களின் பெயர்களை அந்நூல் நமக்குக் காத்துத் தந்துள்ளது.

ஆயினும் மற்றொன்றையும் நாம் மறைத்தலாகாது. 1568இல் மேவாரின் சித்தோர்க் கோட்டை முற்றுகையில், அக்பரின் ‘சங்கிராம்’ என்னும் துப்பாக்கி கோட்டைத் தலைவர் ஜெய்மலை வீழ்த்தியது. கோட்டை விழுந்தபின் ஏறத்தாழ 30,000 பேர் கொல்லப்பட்டதாக அதே அபுல் ஃபஸ்ல் ‘அக்பர்நாமா’வில் எழுதுகிறார்.

குழலின் நேர்மையைத் துப்பாக்கிச்சாலை சோதித்தது. அதை ஏந்தியவரின் நீதியைச் சோதிக்கும் பொறுப்பு வரலாற்றைப் படிக்கும் நம்முடையது. நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்போமாக!