எட்டுக்கு நாலில் ஒரு வீடு

கேரவன் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் நடக்கும் தெருவில் ஏ.சி. ஓடிக்கொண்டு நிற்கும் பெரிய வண்டி. உள்ளே நடிகர் இருப்பார், வெளியே கூட்டம் இருக்கும். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, இரண்டு பேர் படுக்க மட்டும் இடமுள்ள, வீட்டுக்காரரே தன் கொட்டகையில் செய்துகொள்கிற ஒரு குட்டி வண்டியைப் பற்றி. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நீர்த்துளியைப் படுக்கவைத்தது போல் இருக்கும். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிந்து ஒடுங்கும். அமெரிக்காவில் இதற்கு டியர்டிராப் ட்ரெய்லர் என்று பெயர், கண்ணீர்த்துளி வண்டி.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துப் பிழைத்தவன் நான். எந்தப் பொருளைப் பார்த்தாலும், இது எந்த ஷீட்டிலிருந்து வந்தது, வெட்டியதில் எவ்வளவு வேஸ்ட் போயிருக்கும் என்றுதான் முதலில் புத்தி போகும். இந்த வண்டியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். இதை வடிவமைத்தது பெரிய இன்ஜினியர் யாரும் இல்லை. ப்ளைவுட் ஷீட்தான்.

திருவள்ளூரில் எந்த ஹார்டுவேர் கடைக்குப் போய் "ப்ளைவுட் ஒரு ஷீட்" என்று கேட்டாலும், எட்டடிக்கு நாலடியில் ஒன்றை எடுத்து வைப்பார்கள். அமெரிக்காவிலும் அதே அளவுதான். அந்த ஒரு ஷீட்டில் துளியின் வடிவத்தை வரைந்து வெட்டினால் ஒரு பக்கச் சுவர் முடிந்தது. இன்னொரு ஷீட் மறுபக்கம். மூன்றாவது ஷீட் தரை. எட்டடி நீளத்தில் ஆறடி ஆள் காலை நீட்டிப் படுத்தபிறகு மிச்சமுள்ள இடம் பின்பக்கம் சமையலறைக்குப் போகும். நாலடி அகலத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் படுக்கலாம், சண்டை போடாமல் இருந்தால். உயரமும் நாலடிதான் என்பதால் உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது. சமையல் செய்பவர் வெளியே நிற்க வேண்டும். பின்பக்க மூடியை கார் டிக்கி போல் மேலே தூக்கினால் உள்ளே அடுப்பு, பாத்திரம், அரிசி டப்பா எல்லாம் தட்டில் அடுக்கியிருக்கும். தூக்கிய மூடியே தலைக்குக் கூரை. அந்த மூடியின் கீல் இருக்கும் இடத்தில்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். வீட்டில் செய்பவர்களுக்கு இன்றுவரை பெரிய தலைவலி அந்த ஓரடி இடம்தான்.

1930களில், அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், இது பிறந்தது. கையில் பணம் இல்லை, ஆனால் பழைய கார் இருந்தது, ரோடும் இருந்தது. ஓட்டலில் தங்க முடியாதவன் படுக்கையைக் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனான். செய்முறைப் பத்திரிகைகள் வரைபடங்களை வெளியிட்டன. அதில் பேர் பெற்றது 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பத்திரிகை 1947 செப்டம்பரில் வெளியிட்டது. ஹை ஹண்டர் என்பவர் போட்ட வரைபடம். யுத்தம் முடிந்து ராணுவச் சாமான்கள் மலிவாகக் கிடைத்த நேரம் அது. விமானத்துக்கு என்று உருட்டிய அலுமினியத் தகடு மேல்தோலாகவும், ஜீப் சக்கரம் கால்களாகவும் ஆயிற்று. அந்த இதழ் அங்கே கடைக்கு வந்தபோது இங்கே நமக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு மாதம். அரிசிக்கு ரேஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். 1960களில் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய ட்ரெய்லர்கள் மலிந்து, இந்தக் குட்டி வண்டி மறைந்தே போயிற்று. 1990களில்தான் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு சங்கதி என்னை உலுக்கியது. வண்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவே, முன்னால் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது இதற்கு அடிப்படை விதி. பின்னால் எடை கூடினால் வேகமாகப் போகும்போது வண்டி பாம்பு போல் நெளிந்து காரையே புரட்டிவிடும். முன்னால் ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கும். இதைப் படித்தவுடன் என் காதில் கேட்டது என் தாத்தாவின் குரல்: "பின்பாரமா இருக்கு, முன்ன தள்ளி உட்காருங்கடா."

மாட்டுவண்டி ஓட்டிய வீட்டில் பிறந்த எவருக்கும் முன்பாரம், பின்பாரம் என்ற வார்த்தைகளை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அமெரிக்கக்காரன் தராசு வைத்துப் பார்த்ததை இங்கே தாத்தா மாடு நடக்கிற நடையை வைத்தே சொல்லிவிடுவார்.

உண்மையில் நம் கூண்டுவண்டி என்பது என்ன? மூங்கில் பிளாச்சை வளைத்து, மேலே பாய் வேய்ந்த கூண்டு. உள்ளே வைக்கோலைப் பரப்பி மேலே ஜமக்காளம். இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம், நிற்க முடியாது. சமையல் சாமான் பின்னால், அடுப்பு வெளியே. அச்சுக்கு அடியில் சாக்கைத் தொட்டில் போல் கட்டி மாட்டுக்கு வைக்கோல், பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. வசதியானவர்கள் வீட்டில் வில்வண்டி. அந்த 'வில்' என்பது பட்டை பட்டையாய் அடுக்கிய இரும்பு ஸ்ப்ரிங், இன்றைக்கும் லாரிக்கு அடியில் இருப்பது அதுதான். தை அமாவாசைக்கு முதல் நாளே திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தைச் சுற்றி வண்டிகளை அவிழ்த்துப் போட்டு, இரவு வண்டியிலேயே படுத்து, விடியற்காலையில் முங்கிவிட்டுத் திரும்புவார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் விட்டுவிட்டார்கள், கடம்பத்தூர் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. இருந்தும் நூறு வருடத்துக்குப் பிறகு, என் சிறுவயதில்கூட, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வண்டிதான். ரயிலில் போனால் ராத்திரி எங்கே படுப்பது?

இந்த வண்டியைச் செய்தது கம்பெனி அல்ல. ஊர்த் தச்சரும் கொல்லரும். குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் தச்சர் வேலை. வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டை கொல்லர் வேலை. சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பட்டையைச் செய்து, வரட்டி அடுக்கி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நேரத்தில் சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். 'சுர்' என்று ஆவி கிளம்பும். பட்டை சுருங்கி, ஆரக்கால்கள் எல்லாம் கிறீச்சிட்டு ஒன்றோடொன்று இறுகும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். பிற்காலத்தில் தொழிற்சாலையில் தண்டின் மேல் வளையத்தைச் சூடாக்கி ஏற்றுவதைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. செய்து முடித்த வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. உள்ளாட்சிக்கு வண்டி வரி கட்டினால் சரி.

பிறகு டயர் வண்டி வந்தது. 1959-ல் அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை வந்தது. மரச் சக்கரம் போய் ரப்பர் டயரும் பேரிங்கும் வந்தன. பாரம் இரண்டு மடங்கு ஏறிற்று. கூண்டு போயிற்று, ஏனென்றால் டயர் வண்டி செங்கல்லுக்கும் நெல்லுக்கும் என்று ஆகிவிட்டது. மனிதர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி மட்டும் மாட்டுவண்டியை மேம்படுத்த வேண்டும் என்று விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். நாட்டில் சுமார் 1.5 கோடி வண்டிகள் இருப்பதாக அவர் கணக்கு. மேனேஜ்மென்ட் படித்தவர் மாட்டின் கழுத்துப் புண்ணைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

சரி, நம் காலத்தில் தமிழ்நாட்டில் யாராவது வீட்டைத் தானே செய்து சக்கரத்தில் ஏற்றினார்களா என்றால், ஏற்றினார். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர். வருடம் 2019. ஒரு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் படுக்கை, சமையலிடம், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீடு. கூரையில் சூரிய மின்தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. உடைத்த கட்டடங்களின் சாமானும் பழைய பஸ் தகடும் சேர்த்துச் செய்தது. ஐந்து மாதம், சுமார் ஒரு லட்ச ரூபாய். சென்னை, மும்பை குடிசைப் பகுதிகளைப் போய்ப் பார்த்தபோது, லட்சக்கணக்கில் செலவழித்தும் கழிப்பறை இல்லாமல் வீடு கட்டுகிறார்களே என்று தோன்றியதில் பிறந்த யோசனை. 2021 பிப்ரவரியில் ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்துவிட்டு, இதே போல் பொலேரோ பிக்கப் மேல் ஒன்று செய்ய முடியுமா என்று ட்விட்டரில் கேட்டார்.

அருண் பிரபுவின் ஊரை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் நாமக்கல், லாரிக்கு பாடி கட்டும் ஊர். காவிரிக்கு அந்தப் பக்கம் கரூர், பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஊர். வெறும் சேஸிஸை ஓட்டிக்கொண்டு போய், ஆங்கிளும் தகடும் வைத்து வண்டியாக்கித் திரும்பக் கொடுக்கும் பட்டறைகள் வழிநெடுக. வண்டி என்பது எங்கோ கம்பெனியில் விளைவது, நாம் தொடக்கூடாதது என்று அந்த மண்ணில் யாரும் நினைப்பதில்லை. அப்படி ஒரு இடத்திலிருந்து இந்த வீடு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் கதையே வேறு. கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் வந்தது, பிறகு பஜேரோவும். ஆஸ்திரேலியாவில் பஜேரோ என்றால் பின்னால் கேரவன் இழுக்கிற வண்டி. எங்கள் கேட்டைத் தாண்டிப் போன பஜேரோக்களில் எதன் பின்னாலும் நான் ஒரு ட்ரெய்லரைப் பார்த்ததில்லை. வாங்குகிறவருக்கு டிரைவர் இருந்தார், போகிற ஊரில் ஓட்டல் இருந்தது.

ஆசை இருந்தாலும் வழி சுலபம் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகனம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், பாடி கட்டாத சேஸிஸும் ட்ரெய்லரும் வாகனமே என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் ட்ராக்டருக்கு ஒரு நம்பரும் பின்னால் ட்ரெய்லருக்கு இன்னொரு நம்பரும் எழுதியிருக்கும். 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது ட்ரெய்லர் என்று ஒரு வகையே இருக்கிறது. பெட்டி இருக்கிறது, சாவிதான் வேறு இடத்தில். வாகனம் தயாரிப்பவர் முன்மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது 1989 விதிகளின் 126-ஆம் விதி. ஆயிரம் வண்டி செய்யும் கம்பெனிக்கு அந்தச் செலவு ஆயிரத்தில் பங்காகிவிடும். தன் கொட்டகையில் ஒன்றே ஒன்று செய்பவருக்கு? அமெரிக்காவில் பல மாநிலங்களில் வீட்டில் செய்த ட்ரெய்லரைக் கொண்டுபோய்க் காட்டினால் அரசே ஒரு எண் கொடுத்துவிடுகிறது. இங்கே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்றே தீர்ப்புச் சொன்னது.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டரில் போகும்போது கொக்கி வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பார்க்க நன்றாக இருந்து உள்ளே பிடிக்காத வெல்டிங்கை வாழ்நாளெல்லாம் தட்டிப் பார்த்தவன். சோதிக்கத்தான் வேண்டும். வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசு மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கம். அதன் கேட்டில் ஒரு தனி ஆளும் தன் ஒற்றை வண்டியோடு நின்று, கட்டக்கூடிய கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போக வழி வேண்டும் என்பதுதான் என் வாதம். ஊர்த் தச்சருக்கு இருந்த உரிமை, முப்பது வருடம் தகடு வளைத்தவனுக்கு இல்லை என்பது எனக்குச் செரிக்கவில்லை.

சட்டத்தை நாலு தரம் படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ட்ரெய்லர் என்றால் மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவது. அதே எட்டுக்கு நாலு பெட்டியை, அதே டயரோடு, இரண்டு மாடு இழுத்தால் அது ட்ரெய்லரே இல்லை. சார்ட் பேப்பரில் ஏர்க்காலோடு ஒரு படம் போட்டு வீட்டில் காட்டினேன். மாட்டை எங்கே கட்டுவதாக உத்தேசம், கார் ஷெட்டிலா என்று கேட்டாள் என் மனைவி.