நாயனாப் பிள்ளையைக் கேட்பது எப்படி?

காலமாகிவிட்ட ஒரு வித்வானுக்குப் புதிதாக ரசிகனாவதில் சில சௌகரியங்கள் உண்டு. அவர் இனிமேல் மோசமாகப் பாடமாட்டார். டிக்கெட்டுக்கு அலைய வேண்டியதில்லை. தொண்டை சரியில்லை என்று பாதியில் எழுந்து போகமாட்டார். ஒரே ஒரு சங்கடந்தான்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

என் அக்காள் மகன் பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாட்டுக் கோஷ்டியை அண்மையில்தான் கண்டுபிடித்தான். அந்த நால்வரும் 1970-இல் பிரிந்து போனவர்கள். இவன் அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு பிறந்தவன். எதில் தொடங்கலாம் என்று சிநேகிதர்களிடம் கேட்டான். ஆளுக்கு ஒரு தட்டின் பெயரைச் சொல்லி அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. சண்டை வரட்டும், சண்டை போட ஒரு தட்டாவது இருக்கிறதே! நாற்பதைத் தாண்டிய பிறகு நான் ரசிகனாக ஆசைப்பட்ட மனிதருக்கு ஒரு தட்டுக்கூட இல்லை.

அவர் வேறு யாருமல்ல, எங்கள் காஞ்சிபுரத்துக்காரர்தான். சங்கீத உலகம் 'காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை' என்று சொல்கிற சுப்பிரமணிய பிள்ளை. 1889-இல் பிறந்து 1934-இல் காலமானார். நான் இருக்கிற ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி, மிச்சச் சில்லறைக்குக் கண்டக்டரோடு வாதாடி முடிப்பதற்குள் அவருடைய ஊர் வந்துவிடும். எங்கள் தெருவில் தறி உள்ள வீட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் பட்டின் எடை சொல்வார்கள், ஜரிகையின் விலை சொல்வார்கள். நாயனாப் பிள்ளை யார் என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள்.

பிள்ளையவர்களின் தாயார் காமாட்சி அம்மாள். தாயாரின் சகோதரி தனகோடி அம்மாள், அந்தக் காலத்தில் பெரிய பெயர் பெற்ற பாடகி. சங்கீதம் வீட்டிலேயே இருந்தது. இருந்தாலும் பையன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குஸ்தியும் பட்டம் விடுவதுமாகத் திரிந்தான் என்று சொல்லுவார்கள். பிறகு மனம் மாறி உட்கார்ந்தவர், பூதம் மாதிரி சாதகம் செய்தார். ஜலதரங்கம் ரமணய்யச் செட்டியாரிடமிருந்து தியாகராஜ கீர்த்தனங்களைக் குவியல் குவியலாகச் சேர்த்துக்கொண்டார். காஞ்சிபுரத்திலேயே வருஷந்தோறும் தியாகராஜ உத்ஸவம் நடத்தினார். திருப்புகழையும் கச்சேரி மேடையில் பாடினார். திருப்புகழின் சந்தம் தாளக்காரனுக்கு ஒரு சவால். அதை விட்டுவைக்கிற சுபாவம் அவருக்கு இல்லை.

அவருடைய கச்சேரிக்கு 'புல் பெஞ்சுக் கச்சேரி' என்று பெயர். ஐகோர்ட்டில் சிக்கலான வழக்கை நீதிபதிகள் பலர் சேர்ந்து உட்கார்ந்து விசாரித்தால் அது புல் பெஞ்சு. சாதாரணக் கச்சேரியில் பிடிலும் மிருதங்கமும், மிஞ்சினால் ஒரு கடமோ கஞ்சிராவோ இருக்கும். இவருடைய மேடையில் பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், வாயாலேயே ஜதி சொல்லும் கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே இருக்கும். திருக்கோடிகாவலும் மலைக்கோட்டையும் போற்றிய பிடில் உலகத்தில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, மிருதங்கத்தில் கும்பகோணம் அழகநம்பியா பிள்ளை, கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை என்று அந்தக் காலத்துப் பெரும் பெயர்களெல்லாம் இந்தக் கச்சேரிகளோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. பாட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து பாட, மற்றவர்கள் 'பக்க'வாத்தியமாகப் பணிந்திருக்கும் ஏற்பாடு அல்ல இது. தாளத்தில் யார் யாரை மடக்குவது என்கிற போட்டி. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் இத்தனை தோல் வாத்தியங்களுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். குஸ்தி பழகியது வீண் போகவில்லை!

பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த வரி தாளத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் புறப்படும்; அதற்கு எடுப்பு என்று பெயர். கை போடுகிற தாளம் மாறாமல் போய்க்கொண்டிருக்க, வரியை மட்டும் பாதி வேகத்தில் பாட வேண்டும், இரட்டை வேகத்தில் பாட வேண்டும், நாலுக்கு மூன்றாக நடையை மாற்றிப் பாட வேண்டும். நடுவிலே ஸ்வரங்களைக் கொட்டிவிட்டு, கரெக்டாக எடுப்புக்கு வந்து சேர வேண்டும். அரை மாத்திரை பிசகினால் சபை முழுவதும் தெரிந்துவிடும். கணக்குப் பரீட்சையைக் கூட்டத்துக்கு நடுவில், அதுவும் ராக பாவத்தோடு எழுதுகிற மாதிரி. நாயனாப் பிள்ளை இந்தப் பரீட்சையை விரும்பி எழுதினவர்.

எங்கள் தாத்தா பையனாக இருந்தபோது ஐயம்பேட்டையிலிருந்து நடந்தே போய், காஞ்சிபுரத்தில் அந்த உத்ஸவக் கச்சேரிகளைப் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டவர். கேட்ட பாட்டு எதையும் அவரால் பாடிக் காட்ட முடியாது. "கோர்வை விழும் பாரு, அதுக்கு முன்னாடி ஒரு நொடி ஜனம் மூச்சு விடாது" என்பார். இந்தக் கோர்வை என்கிற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தறியில் கோர்வை என்றால், சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்து ஊடையில் நெய்து, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துவிடுவது. ஒருவரால் ஆகாது. கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். சங்கீதக்காரர்களும், கணக்கிட்டுக் கட்டின ஸ்வரமோ ஜதியோ எடுப்போடு போய்ப் பொருந்துவதைக் கோர்வை என்றே சொல்கிறார்கள். தாத்தா எந்தக் கோர்வையை மனதில் வைத்துக்கொண்டு சொன்னாரோ, இரண்டுக்கும் அவர் சொன்னது பொருந்தும்.

இவ்வளவு பெரிய வித்வான் ஏன் தட்டில் இல்லை? பிளேட்டுக்குப் பாட அவர் இணங்கவில்லை என்று சொல்லுவார்கள். காரணம் எதுவானாலும், அந்தக் காலத்துத் தட்டின் லட்சணத்தைப் பார்த்தால் வியப்பு வராது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷந்தான். பல்லவிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொள்ளவே அது போதாது. 1925 வாக்கில் மைக் வருவதற்கு முன்னால், ஒரு பெரிய குழாயின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டும். குழாய்க்குத் தோல் வாத்தியம் என்றாலே ஆகாது. தாளத்தின் கனம் தட்டில் ஏறாது. புல் பெஞ்சை அந்தக் குழாய்க்குள் எப்படித் திணிப்பது? சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறந்தது 1938-இல். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் நீண்ட தட்டு உலகுக்கு வந்தது 1948-இல். பிள்ளையவர்கள் 1934-இலேயே போய்விட்டார். நாற்பதுகளின் நடுவிலேயே.

இப்படிப்பட்ட துரதிர்ஷ்டசாலி அவர் ஒருவர் மட்டுமல்ல. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பட்டி போல்டன் என்று ஒரு கார்னெட் வாத்தியக்காரர் இருந்தார். ஜாஸ் சங்கீதத்தின் மூலபுருஷர்களில் ஒருவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 1907-இல் சித்தம் கலங்கி மனநல விடுதிக்குப் போனார். முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1917-இல். அவர் ஊதியது ஒன்றுகூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் புஸ்தகங்கள் இருக்கின்றன, நாவல்கூட எழுதியிருக்கிறார்கள். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

ஆகவே நாயனாப் பிள்ளையைக் கேட்க வேண்டுமானால் சிஷ்யர்களின் வழியாகத்தான் போக வேண்டும்.

பிருந்தாவிலிருந்து ஆரம்பி என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் ஆரம்பிக்கச் சொல்கிற இடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1972-இல் வந்த 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகனைப் பாடுகிற மதுரை சோமுவின் பாட்டு. கண்ணதாசன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஒலிபெருக்கி கட்டின ஊரில் அதைக் கேட்காமல் யாரும் தப்பியிருக்க முடியாது. சோமு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர். சித்தூரார் நாயனாப் பிள்ளையின் சிஷ்யர். சினிமாப் பாட்டாயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம்; தாளத்தை முட்டிக்கொண்டு ஏறுகிற அந்தக் குரலின் தைரியத்தை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகு சோமுவின் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மேடையில் அவரும் தாள வாத்தியங்களைத் திரட்டி வைத்துக்கொள்வார். புல் பெஞ்சின் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சுலபமான சாட்சி கிடைக்காது. சோமுவின் கண்ணீரும் உருக்கமும் அவருடைய சொந்தச் சரக்கு. அதை நாயனாப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவதாக டி. கே. பட்டம்மாள். 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி' என்பது பக்கத்திலுள்ள தாமல் கிராமம். முறையான குருகுல வாசம் அவருக்கு இல்லை. சிறுமியாக உட்கார்ந்து கச்சேரிகளைக் கேட்டு, வீட்டுக்குப் போய் ஸ்வரப்படுத்தி எழுதிவைத்துக் கற்றவர். நாயனாப் பிள்ளையை மானசீக குருவாகக் கொண்டாடினவர். சென்னையில் 1932-இல் மேடையேறினார். பெண்கள் பல்லவி பாடுவதா என்று கேட்ட காலத்தில் அவர் பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வந்தது. அவருடைய பல்லவி ஒன்றைக் கையால் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை கை தப்பும். தப்பட்டும். சிரமமே தெரியாமல், சமையலறையில் உப்புப் போடுகிற நிதானத்தோடு அவர் எடுப்புக்கு வந்து சேருவார்.

இதற்குப் பிறகுதான் பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தி. பாட்டி வீட்டிலேயே ஒரு சமுத்திரம் இருக்க, அம்மா காமாட்சி அம்மாள் பெண்ணைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பி நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்க வைத்தார். தங்கை முக்தாவும் கற்றார். இருவரும் பதம் பாடுவதில் நிகரற்றவர்கள் என்று உலகம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் பாடும் தியாகராஜ கீர்த்தனத்தைக் கேட்டுப் பாருங்கள். நிதானத்துக்கு அடியில் இரும்பு மாதிரி ஒரு தாளம் ஓடும். அந்த இரும்பு காஞ்சிபுரத்தில் வார்த்தது என்று நான் நினைக்கிறேன். எடுத்த உடனே இவர்களிடம் போனால் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து விடுவீர்கள். அதனால்தான் மூன்றாவதாக வைத்தேன்.

ஆகக் கூடி இது ஒரு கழித்தல் கணக்கு. பிருந்தாவில் தனம்மாளைக் கழிக்க வேண்டும். பட்டம்மாளில் அவருக்கு தீட்சிதர் கீர்த்தனங்கள் சொல்லித் தந்த அம்பி தீட்சிதரைக் கழிக்க வேண்டும். சோமுவில் சோமுவையே கழிக்க வேண்டும். மூவரிடமும் பொதுவாக மிஞ்சுவது எதுவோ அது நாயனாப் பிள்ளை. எனக்கு மிஞ்சியது பாட்டு அல்ல, ஒரு பிடிவாதம்: தாளம் ராகத்தின் வேலைக்காரன் அல்ல என்கிற பிடிவாதம்.

வேறொன்றும் மிஞ்சியது. தனகோடி அம்மாள், தனம்மாள், பிருந்தா, 1925-இல் ஏழு வயதில் இதே காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் அரங்கேறிய பாலசரஸ்வதி, எல்லோரும் கோயிலையும் மேடையையும் நம்பிச் சங்கீதமும் நாட்டியமும் வளர்த்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1947-இல் சென்னை ராஜ்யத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. வந்தது நியாயமே. ஆனால் அந்தக் கொடுமையைத் துடைக்கிறபோது அந்த வீடுகளின் வித்தையையும் சேர்த்துத் துடைத்துவிட்ட ஊர்கள் பல. தட்டில் பாடினவர்களாவது பெயரோடு இருக்கிறார்கள். தட்டில் பாடாதவரைச் சொந்த ஊரே மறந்தது. பட்டுக்காகக் காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் சங்கீதத்துக்காக ஒரு தெருவையாவது விசாரித்தால் நன்றாயிருக்கும். பதில் சொல்ல யாராவது தயாராக வேண்டுமே.

கடைசியாகச் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898-இல் பிறந்து 1975-இல் காலமானவர். 1954-இல் மியூசிக் அகாடமியில் சங்கீத கலாநிதி. நாயனாப் பிள்ளையோடு கூடவே இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர். அவருடைய பதிவுகள் சில கிடைக்கின்றன. மற்ற மூவரும் நாயனாப் பிள்ளையிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு தங்கள் வழியில் போனவர்கள். இவர் அங்கேயே நின்றவர். சோமுவையும் பட்டம்மாளையும் பிருந்தாவையும் கேட்டு, கை தாளத்துக்குப் பழகின பிறகு இவரைப் போடுங்கள். தறி ஓயும் நேரமாகப் பார்த்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் போட்டுக் கேட்கிறேன். இன்னும் ஒரு பல்லவிகூட முழுதாகக் கை தப்பாமல் முடிக்கவில்லை.