பப் பில்லில் ஒரு சேலத்துக் கதை

வேலை கிடைத்த குஷியில் மாமன் பையன் என்னைக் கோவையில் ஓர் இங்கிலீஷ் பாணி பப்புக்குக் கூட்டிப்போனான். மர மேஜை, மங்கல் வெளிச்சம், சுவரில் லண்டன் படங்கள். அவனுக்கு பீர், எனக்கு லைம் சோடா (நம்புங்கப்பா!). காமர்ஸ் படிக்கிறவன் கண் பில்லில்தானே நிற்கும்? சோடாவுக்கு ஜிஎஸ்டி, பீருக்கு மட்டும் வாட். ஏன்?

இதன் வேர் நம்ம சேலத்தில் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அன்றைய சென்னை மாகாணத்துக்குக் கள், சாராயத்தில்தான் பெரிய வரவு. கடையை மூடினால் பணத்துக்கு எங்கே போவது? 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. குடிகாரன் கட்டிய பணத்தைக் குடிக்காதவனும் சேர்ந்து ஈடுகட்டினான்.

பின்னாளில் மதுக்கடைகள் திறந்துவிட்டன. வரி போகவில்லை, பிறகு வாட் என்று பெயர் மாறியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்து ஏறக்குறைய எல்லாப் பொருளையும் எடுத்துக்கொண்டது. மாநிலத்திடம் மிஞ்சியது பெட்ரோல், டீசல் போன்ற சிலதும் மதுவும்தான்.

மதுவிலக்குக்காகப் பிறந்த வரி, இன்று மதுவை நம்பி வாழ்கிறது! நாளைக்கே கடைகளை மூடினாலும் 1937-ன் கேள்வி அப்படியே நிற்கும்: அந்தப் பணத்தை யார் தருவது? நீங்க என்ன சொல்றீங்க?