ஓடும் நீரில் ஒரு பாக்டீரியா: மேற்கு ஆப்பிரிக்காவில் கருப்பு ஈக் கட்டுப்பாட்டின் வரலாறு

கொசு தேங்கிய நீரில் வளரும். கருப்பு ஈக்கு ஓடும் நீர் வேண்டும். ‘சிமுலியம் டாம்னோசம்’ எனும் ஆப்பிரிக்கக் கருப்பு ஈயின் இளம்புழு, ஆறு பாறையில் மோதி நுரைத்துப் பாயும் இடங்களில் பின்முனையால் கல்லிலோ கொடியிலோ ஒட்டிக்கொண்டு, தலையிலுள்ள விசிறி போன்ற உறுப்புகளால் நீரில் மிதந்துவரும் நுண்துகள்களை வடித்துத் தின்னும். முதிர்ந்த பெண் ஈ மனிதரைக் கடிக்கையில் ‘ஆன்கோசெர்க்கா வால்வுலஸ்’ என்னும் ஒட்டுண்ணிப் புழுவைப் பரப்புகிறது. இப்புழுவின் நுண்குஞ்சுகள் தோலில் தாளாத அரிப்பை உண்டாக்குகின்றன. கண்ணை அடைந்தால் பார்வையைப் பறிக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் செழிப்பான ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பல ஆளற்றுக் கிடந்ததற்கு இந்த ‘ஆற்றுக் குருட்டுநோய்’ முக்கியக் காரணம்.

இந்த ஈயை ஒடுக்க வேதிப்பொருள் வந்தது, பிறகு உயிரியல் முறை வந்து அதை அகற்றியது என்று வரலாறு பெரும்பாலும் நேர்கோடாகச் சொல்லப்படுகிறது. நடந்தது அப்படியல்ல. உயிரியல் முறை ஒரு நெருக்கடியால் உள்ளே வந்தது. ஆற்றின் ஆண்டுச் சுழற்சியில் தனக்குரிய சில மாதங்களைப் பிடித்துக்கொண்டது. மற்ற மாதங்கள் வேதிப்பொருளின் கையிலேயே இருந்தன.

டிடிடியிலிருந்து அபேட்வரை

புழுவுக்கும் பார்வைக் கோளாறுக்கும் உள்ள தொடர்பை 1915இல் குவாத்தமாலாவில் ரோடோல்ஃபோ ரோப்லெஸ் எடுத்துக்காட்டினார். ஈதான் அதைப் பரப்புகிறது என்பதை 1926இல் சியரா லியோனில் பிளாக்லாக் நிறுவினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி கைக்கு வந்ததும் ஆறுகளில் அதை ஊற்றும் முயற்சிகள் தொடங்கின. கென்யாவில் கார்ன்ஹாமும் மக்மாகனும் ‘சிமுலியம் நேவி’ என்னும் வேறோர் இனத்தைச் சில பகுதிகளிலிருந்து இப்படியே ஒழித்தார்கள். அந்த ஈயின் இளம்புழு ஆற்று நண்டின் மேல் ஒட்டி வாழ்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. எதிரியின் வீடு தெரியாமலேயே கிடைத்த வெற்றி அது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஈ நாட்டு எல்லைகளை மதிக்கவில்லை. காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்தது. அதனால் 1974இல் ஏழு நாடுகளைச் சேர்த்து ‘ஆன்கோசெர்சியாசிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம்’ தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் நடத்தியது, தலைமையிடம் ஊகாடூகு. பின்னர் நாடுகளின் எண்ணிக்கை 11 ஆனது. கணக்கு எளிது, ஆனால் கடுமையானது. மனித உடலில் முதிர்ந்த புழு 14, 15 ஆண்டுகள் வாழக்கூடும். அவ்வளவு காலமும் பரவலைத் தடுத்து வைத்தால் புழு தானே வயதாகிச் செத்துவிடும். ஈயின் இளம்புழுப் பருவமோ வெப்பமான ஆற்றில் ஏறத்தாழ ஒரு வாரம்தான். ஆகவே வாரம் தவறாமல் ஹெலிகாப்டரிலிருந்து ஆற்றில் மருந்து ஊற்ற வேண்டும்.

அந்த மருந்து டெமிஃபாஸ். டெங்கு காலத்தில் நம் வீட்டுத் தொட்டியில் நகராட்சிப் பணியாளர் ஊற்றிப்போகும் அதே ‘அபேட்’. பத்து நிமிட நேரத்துக்கு நீரில் பத்து லட்சத்தில் 0.05 முதல் 0.1 பங்கு கலந்தாலே போதும். அது ஆற்றோடு பல கிலோமீட்டர் சென்று கொல்லும். 1980இல் ஐவரி கோஸ்ட்டின் பண்டாமா ஆற்றின் கீழ்ப்பகுதியில் அது தோற்றது. அங்குள்ள ஈக்கள் டெமிஃபாஸை எதிர்த்து நின்றன. மாற்றாகக் கொண்டுவந்த குளோர்ஃபாக்சிமுக்கும் அடுத்த ஆண்டே எதிர்ப்பு தோன்றியது. திட்டம் பாதி வழியில் ஆயுதம் இழந்து நின்றது.

இயற்கை எதிரிகளும் பாலைவனக் குட்டையும்

மாற்றைத் தேடியவர்கள் முதலில் ஈயின் இயற்கை எதிரிகளைப் பார்த்திருந்தார்கள். இளம்புழுவுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் மெர்மித்திட் நூற்புழுக்கள் மீது 1970களில் பெரிய நம்பிக்கை இருந்தது. ஐவரி கோஸ்ட்டின் கருப்பு ஈயில் கண்டறியப்பட்ட ஓர் இனத்துக்கு, இத்துறையின் முன்னோடியான மார்ஷல் லேர்டின் பெயரே இடப்பட்டது. ஆனால் அவற்றைப் பெருமளவில் வளர்க்க வழி கிடைக்கவில்லை. வாராவாரம் பல்லாயிரம் கிலோமீட்டர் ஆற்றுக்கு ஈடுகொடுக்கும் அளவில் நூற்புழுவைத் தயாரிப்பது நடக்கக்கூடிய காரியமல்ல.

விடை வந்த இடம் யாரும் எதிர்பாராதது. 1976 கோடையில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், வறண்ட ஆற்றுப்படுகையில் எஞ்சியிருந்த குட்டை ஒன்றில் கொசுப் புழுக்கள் கூட்டமாகச் செத்துக் கிடப்பதை யோயல் மார்கலித் பார்த்தார். அவரும் லியோனார்ட் கோல்ட்பர்க்கும் அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1978இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் உகெத் தெ பார்ஜாக் அதைப் ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்’, ஊனீர் வகை எச்-14 என்று வகைப்படுத்தினார். சுருக்கமாக பி.டி.ஐ. பி.டி. பருத்தியில் வரும் ‘பி.டி.’யும் இந்தப் பாக்டீரியா இனம்தான். ஜப்பானில் பட்டுப்புழு நோயை ஆராய்ந்த இஷிவாதா 1901இலேயே இதைக் கண்டிருந்தார். ஆனால் அதுவரை தெரிந்த வகைகள் முக்கியமாக அந்துப்பூச்சிப் புழுக்களைக் கொன்றவை. நெகேவ் வகை கொசுவையும் கருப்பு ஈயையும் குறிவைத்தது. கருப்பு ஈயின் இளம்புழு இதற்கு மடிவதை 1978லேயே அன்டீனும் நாகலும் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

பாக்டீரியா வித்துருவாகும்போது புரதப் படிகங்களை உண்டாக்குகிறது. படிகம் நேரடியாக நஞ்சல்ல. இளம்புழு அதைத் தின்ன வேண்டும், குடலின் காரத்தன்மை அதைக் கரைக்க வேண்டும், செரிமான நொதிகள் அதை வெட்ட வேண்டும். பிறகுதான் குடல் செல்களில் துளை விழுகிறது. மீனுக்கும் இறாலுக்கும் மனிதருக்கும் இந்தப் படிகள் பொருந்தாததால் தீங்கில்லை. நீரில் வரும் துகளை ஓயாமல் வடித்துத் தின்னும் இளம்புழுவோ தானே வந்து மாட்டிக்கொள்கிறது. மேலும், படிகத்தில் ஒன்றல்ல, பல புரதங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றை எதிர்க்கப் பழகினாலும் மற்றவை கொல்லும். பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியும் ஆற்று ஈக்களிடம் இதற்கு எதிர்ப்பு உருவாகாததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆற்றின் கணக்கு

1980களின் தொடக்கத்தில் பி.டி.ஐ. ஆற்றில் இறங்கியது. குறைகள் உடனே தெரிந்தன. ஆரம்பக் கலவை கெட்டியானது. நீர் சேர்த்தே ஊற்ற வேண்டியிருந்தது. டெமிஃபாஸைவிடப் பல மடங்கு அளவு தேவைப்பட்டது. படிகத் துகள்கள் சிறிது தூரத்திலேயே அடியில் படிந்துவிட்டதால் அடுத்தடுத்த இடங்களில் மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தது. மழைக்காலப் பெருவெள்ளத்தில் அவ்வளவு மருந்தைச் சுமக்க ஹெலிகாப்டரால் முடியாது, செலவும் கட்டாது.

இங்கேதான் திட்டத்தின் பூச்சியியலாளர்கள் முதிர்ச்சியைக் காட்டினார்கள். அவர்கள் பி.டி.ஐ.யைக் கைவிடவுமில்லை, எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகக் கொண்டாடவுமில்லை. நீரோட்டத்தை அளந்து மருந்தைத் தேர்ந்தார்கள். ஆறு வற்றிய மாதங்களில் பி.டி.ஐ.; வெள்ளக் காலத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வேதிப்பொருள்கள், மாற்றி மாற்றி. பெர்மெத்ரினும் கார்போசல்ஃபானும் பிற நீர்வாழ் உயிர்களுக்குக் கடுமையானவை என்பதால் பெருவெள்ள வாரங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன. மீன்களையும் நீர்ப்பூச்சிகளையும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் தனிச் சூழலியல் குழு இருந்தது. ஓய்வு கொடுத்த பிறகு டெமிஃபாஸும் பல இடங்களில் மீண்டும் பயன்பட்டது. என் பார்வையில், பி.டி.ஐ. செய்த மிகப் பெரிய உதவி அது கொன்ற ஈக்களில் இல்லை. வேதிப்பொருள்களின் ஆயுளை நீட்டிக் கொடுத்ததில் இருக்கிறது.



1987இல் மெர்க் நிறுவனம், நோய்க்கு மக்கள் உட்கொள்ளும் ஐவர்மெக்டின் மருந்தை இலவசமாகத் தர முன்வந்த பிறகு திட்டத்தின் சுமை இரு தோள்களில் பகிரப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுக்கும் மேலான காலத்தில் நோய் குறைந்ததன் பெருமை ஆற்றில் ஊற்றிய மருந்துகளுக்கே உரியது. 2002 டிசம்பரில் திட்டம் முடிந்தபோது, உள்நாட்டுப் போரால் பணி தடைப்பட்ட சியரா லியோன் நீங்கலாக, மற்ற பத்து நாடுகளிலும் ஆற்றுக் குருட்டுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை.