கிரீன் லைன் (மினியாபொலிஸ் – செயின்ட் பால்): கட்டுமானக் காலத் தகவல் ஏற்பாடுகள்

கிரீன் லைன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களின் மையப்பகுதிகளை இணைக்கும் இலகு ரயில் தடம். சுமார் 18 கி.மீ. நீளமும் 95.7 கோடி டாலர் மதிப்பும் கொண்ட இத்திட்டத்தை மெட்ரோபாலிட்டன் கவுன்சில் என்னும் வட்டார அமைப்பு நிறைவேற்றியது. 2010இன் இறுதியில் பெரும்பணிகள் தொடங்கின. 2014 ஜூன் 14 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. கட்டுமானக் காலத்தில் இதன் பெயர் சென்ட்ரல் காரிடார். சிறுகடைகள் நிறைந்த சாலையின் நடுவே தண்டவாளம் அமைந்ததால், அங்கு வாழ்வோருக்கும் வணிகர்களுக்கும் தகவல் தெரிவிப்பது திட்டத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்றானது.

பின்னணி

செயின்ட் பாலில் தடம் யுனிவர்சிட்டி அவென்யூ வழியே செல்கிறது. அதையொட்டி கறுப்பின மக்களும், வியட்நாமியர், மோங் இனத்தவர் உள்ளிட்ட குடியேறிய சமூகத்தினரும் வாழ்கின்றனர். 1950, 60களில் ஐ-94 நெடுஞ்சாலை போடப்பட்டபோது ராண்டோ என்னும் கறுப்பினக் குடியிருப்பு பிளக்கப்பட்டு, அங்கிருந்த வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. அந்த நினைவு மாறாததால் புதிய திட்டத்தை மக்கள் ஐயத்தோடு அணுகினர். முதல் வரைபடத்தில் இடம்பெறாத வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் ஆகிய மூன்று நிலையங்கள் அவர்களது இயக்கத்தின் பயனாகச் சேர்க்கப்பட்டன.

தகவல் ஏற்பாடுகள்

யுனிவர்சிட்டி அவென்யூவில் மேற்குப் பகுதியில் 2011இலும் கிழக்குப் பகுதியில் 2012இலும் முதன்மை வேலைகள் நடந்தன. சாலையின் ஒரு பாதி தோண்டப்பட்டபோது மறுபாதியில் வண்டிகள் சென்றன. எந்த வாரம் எந்தப் பக்கம் அடைபடும், கடைக்கு எவ்வழியாக வரலாம், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பவையே மக்களுக்கு வேண்டிய செய்திகள். பகுதிவாரியாக அமர்த்தப்பட்ட தொடர்பு அலுவலர்கள் கடை கடையாகச் சென்று இவற்றைத் தெரிவித்தனர். வாராந்திர அறிவிப்புகளும் வந்தன. குடியேறியோருக்காக ஆங்கிலம் அல்லாத பிற மொழிகளிலும் செய்திகள் தரப்பட்டன.

குடியிருப்போரும் வணிகர்களும் அடங்கிய கட்டுமானத் தொடர்புக் குழுக்களும் அமைக்கப்பட்டன. ஒப்பந்ததாரர் அறிவிப்புகளை உரிய நேரத்தில் தந்தாரா, புகார்களுக்குச் செவிசாய்த்தாரா என்று இக்குழுக்கள் வாக்களித்தன. ஒப்பந்ததாரருக்கான ஊக்கத்தொகை அந்த வாக்கைப் பொறுத்தே வழங்கப்பட்டதால், மக்களோடு பேசுவது அவரது வருமானத்தையும் தொட்டது.

வழக்கும் நிதியுதவியும்

செய்தி முன்கூட்டியே வந்தாலும் வாடிக்கையாளர் வராவிட்டால் வாடகை கட்ட முடியாது. சாலையோர வண்டி நிறுத்துமிடங்களில் பெரும்பகுதியும் நிரந்தரமாகப் பறிபோனது. 2010இல் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் செயின்ட் பால் கிளையும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். கட்டுமானத்தால் வணிகர்களுக்கு நேரும் வருமான இழப்பைத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை போதிய அளவு ஆராயவில்லை என்று கூட்டாட்சி நீதிபதி டோனவன் ஃபிராங்க் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்தார். எனினும் வேலையை நிறுத்த உத்தரவிடவில்லை. அதன்பின் கூடுதல் ஆய்வு நடத்தப்பட்டது.

இழப்பைக் காட்டிய சிறுவணிகர்களுக்கு 'ரெடி ஃபார் ரயில்' திட்டத்தில் 20,000 டாலர் வரை கடன் கிடைத்தது. தடத்திலேயே தொடர்ந்து கடை நடத்தியோருக்கு அது தள்ளுபடியானது. சமூக அமைப்புகளும் தனியே முயன்றன. ஆசியக் கடைகள் மிகுந்த பகுதி 2012இல் 'லிட்டில் மீகாங்' என்ற பெயரில் விளம்பரப்படுத்தப்பட்டது. ஸ்பிரிங்போர்டு ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்பு நடத்திய 'இரிகேட்' திட்டம், உள்ளூர்க் கலைஞர்களைக் கடைக்காரர்களோடு இணைத்துச் சிறு கலைப்பணிகளை நடத்தியது. தூசும் தடுப்பும் பற்றியே வந்த செய்திகளுக்கிடையே, தெரு இயங்குகிறது என்பதை அவை எடுத்துக்காட்டின.

மதிப்பீடு

திறந்த, மூடிய, இடம்பெயர்ந்த கடைகளை மெட்ரோபாலிட்டன் கவுன்சில் கணக்கெடுத்து வெளியிட்டது. மூடாமல் தாக்குப்பிடித்த கடையின் விற்பனைச் சரிவோ, உரிமையாளர் வாங்கிய கடனோ இத்தகைய எண்ணிக்கையில் தெரியாது. தகவல், ஒப்பந்ததாரரின் பொறுப்பு, நிதியுதவி மூன்றையும் சேர்த்துக் கையாண்டதே இத்திட்டத்தின் தனித்தன்மை. ஆனால் இழப்பைப் பற்றிய முறையான ஆய்வு, வேலை தொடங்கிய பிறகு, நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே நடந்தது.