சுண்டெலி நடத்தையைக் காணொளிவழிப் பின்தொடர்தல்

ஆய்வகச் சுண்டெலி எங்கே போகிறது, என்ன செய்கிறது என்பதை ஆள் உட்கார்ந்து குறிக்காமல் கேமராவும் மென்பொருளும் கொண்டு பதியும் முறை இது. பார்ப்பவரின் சாய்வை இது ஒழித்துவிட்டது என்பார்கள். வரலாற்றைப் பார்த்தால், அந்தச் சாய்வு எளிதில் கண்ணில் படாத இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. 1934இல் உளவியலாளர் கால்வின் ஹால் திறந்த அரங்கில் எலிகளை விட்டு, அவை இட்ட புழுக்கையையும் சிறுநீரையும் கொண்டு அச்சத்தை மதிப்பிட்டார். புழுக்கை அச்சத்தின் அளவாகுமா என்று எவரும் கேட்டிருக்கலாம். பார்ப்பவரின் தீர்ப்பு அங்கே வெளிப்படையாக இருந்தது. 1981இல் நரம்பியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மாரிஸ் நீர்த்தொட்டிச் சோதனையை வெளியிட்டார். நீந்தும் எலியின் பாதை முழுவதும் தேவைப்பட்டதால், மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு நிலையான வேலை கிடைத்தது. 1990களில் நெதர்லாந்தின் நோல்டஸ் நிறுவனத்து எத்தோவிஷன் போன்ற மென்பொருள்கள் பின்னணியைக் கழித்து, எஞ்சிய உருவின் மையத்தைக் குறித்தன. எலி ஒரு புள்ளியாயிற்று. அந்தப் புள்ளி அரங்கின் நடுப்பகுதியில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது பதற்றத்தின் அளவாயிற்று. ஆனால் நடுப்பகுதியின் எல்லையை வரைந்தது மனிதக் கைதான்.

இயந்திரம் களைப்படையாது, ஒரே காணொளிக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடை தரும் என்ற மறுப்பு நியாயமானது. இந்த நன்மை சிறியதன்று. ஆனால் மாறாத விடை சரியான விடையாக இருக்க வேண்டியதில்லை. 1999இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரே மரபுவழிச் சுண்டெலிகளை, ஒரே வகைக் கருவிகளோடு, மூன்று நகரங்களின் ஆய்வகங்களில் சோதித்தனர். சில சோதனைகளில் முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. அளவியின் துல்லியம் மட்டும் போதவில்லை.

2018இல் வந்த டீப்லேப்கட் என்ற மென்பொருள் மூக்கு, காது, வால் என உறுப்புகளைத் தனித்தனியே பின்தொடர வழி செய்தது. ஏறத்தாழ 200 படச்சட்டங்களில் மனிதர் குறித்துக் காட்டினால் போதும். அந்தக் குறிப்பில் தவறிருந்தால் மென்பொருள் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். மனிதக் குறிப்பே தேவையில்லாத முறையும் உண்டே என்று கேட்கலாம். 2015இல் ஹார்வர்டின் தத்தா குழு, ஆழத்தை அளக்கும் கேமரா கொண்டு, ஒரு நொடிக்கும் குறைவான அசைவுத் துணுக்குகளாக நடத்தையைப் பிரித்தது. ஒரு துணுக்கு பொதுவாக எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற முன்முடிவு அங்கும் கணித மாதிரிக்குள் இருக்கிறது. கிடைத்த துணுக்குக்குப் பெயரிடுபவரும் மனிதரே. இரு எலிகள் சேரும்போது சிக்கல் கூடுகிறது. தாக்குதல் எந்த நொடியில் தொடங்கியது என்பதில் பயிற்சி பெற்றவர்களே ஒத்துப்போவதில்லை. ஆகவே ஓர் ஆய்வறிக்கையில் மென்பொருளின் பெயரை விட, அதற்குக் கற்பித்த படச்சட்டங்களையும் ஒவ்வொரு நடத்தைக்கும் வகுத்த வரையறையையும் இணைத்திருக்கிறார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.