ஸகாத் கணக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் கதையும்



நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஸகாத் கணக்குப் பார்க்க ஓர் இணையப் பக்கம் செய்திருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். "சேர், விடை சரியா எண்டு எப்படி உறுதிப்படுத்துறது?" என்று ஒருவர் கேட்டார். திறந்து பார்த்தேன். பொத்தானை அமுக்கியதும் ஒரே ஃபங்ஷன் பக்கத்திலிருந்து தொகையை எடுக்கிறது, இணையத்தில் தங்க விலையைக் கேட்கிறது, கணக்குப் பார்க்கிறது, விடையைத் திரையில் எழுதுகிறது. எல்லாம் ஒரே சட்டிக்குள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த மொழி பிறந்ததே அப்படித்தான்.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தைச் செய்தார். படிவம் சரியாக நிரப்பப்பட்டதா என்று பார்ப்பது போன்ற சின்ன வேலைகளுக்குத்தான் அது. நாலு வரிக்கு யார் சோதனை எழுதுவார்?

வேறு மொழிக்காரர்கள் அப்போதே விழித்திருந்தார்கள். 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் இருந்துகொண்டே ஜாவாவுக்கு ஜேயுனிட்டை எழுதத் தொடங்கினார்கள். ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து, இதைக் கொடுத்தால் இது வரவேண்டும் என்று இன்னொரு நிரலால் பரீட்சிப்பது. அதுதான் யுனிட் டெஸ்ட். அதைப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் ஜேஎஸ்யுனிட் வந்தது. கருவி வந்தும் சிக்கல் தீரவில்லை. பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும் கணக்கைத் தனியே எடுத்தால்தானே பரீட்சிக்கலாம்?

இந்த இடத்தில்தான் எனக்கு மிஷ்கோ ஹெவரியைப் பிடிக்கும். சோதிக்கக்கூடியதாக நிரல் எழுதுவது எப்படி என்று கூகுளுக்குள் சொல்லிக்கொடுத்தவர் அவர். 2009இல் ஆடம் அப்ரன்ஸோடு சேர்ந்து ஆங்குலரைத் தொடங்கினார். 17,000 வரி நிரலொன்றை 3 வாரத்தில் 1,500 வரியாக்கினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பெரிதில்லை. ஒரு பகுதி தனக்குத் தேவையானதைத் தானே தேடிப் போகக்கூடாது, வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்க வேண்டும் என்பதை அடிப்படை விதியாக வைத்தாரே, அதுதான் பெரிது. சோதனையின்போது உண்மையான இணையத்துக்குப் பதில் போலி ஒன்றைக் கொடுக்கலாம். அதே 2009இல் ரையன் டாலின் நோட் ஜேஎஸ்ஸும் வந்தது. பக்கத்தோடு ஒட்டாத கணக்கை, பிரவுசரே இல்லாமல் நொடிக்குள் ஓட்டிப் பார்க்க வழி கிடைத்தது.

பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே செய்தோம். சொத்து, கடன், ஒரு கிராம் தங்க விலை மூன்றையும் வெளியிலிருந்து வாங்கி, ஸகாத்தை மட்டும் திருப்பித் தரும் தனி ஃபங்ஷன். கணக்குக்காகக் கிராம் 40,000 ரூபா என்று வைத்தோம். நிஸாப் 85 கிராம் என்றால் 34 இலட்சம். 33,99,999க்கு 0 வந்தது, சரி. சரியாக 34 இலட்சத்துக்கு 85,000 வரவேண்டும். அதற்கும் 0! "அதிகமானால்" என்று எழுதியிருந்தார்கள், "சமமானாலும்" என்பதை விட்டுவிட்டார்கள். இத்தனை நாளும் கண்ணில் படாத பிழை.

அதைத் திருத்தியாயிற்று. ஒரு வருடம் பூர்த்தியானதா என்று பார்க்கும் பகுதி இன்னும் நேரடியாகக் கணினியின் கடிகாரத்தைத்தான் கேட்கிறது. திகதியையும் வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். ரமழானுக்கு முன் முடித்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.